நனையும் காலுக்கு எந்த பூட்ஸ்? கீரிப்பாறைப் பக்கத்து மலைத்தோட்டம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

நடந்தது

கன்னியாகுமரி மாவட்டத்தில், கீரிப்பாறைக்கு மேலே, காட்டெல்லையை ஒட்டி ஒரு தனியார் தோட்டம் இருக்கிறது. கீழ்ச்சரிவில் ரப்பர், மேலே போகப் போகக் கிராம்பு, நடுவே மிளகு. எல்லையைச் சுற்றிவர அங்கே ஐந்து பேர் கொண்ட காவல் குழு உண்டு. அவர்களுக்கு வாங்கிக் கொடுத்த பூட்ஸ் அத்தனையும் ஒரே தென்மேற்குப் பருவமழையில் போய்விட்டது. ஜூன் முதல் வாரம் போட்டவை. ஆடி முடிவதற்குள் இரண்டு ஜோடிக்கு அடிப்பாகம் தனியாகக் கழன்றது. ஒரு ஜோடியின் அடி பொடிப்பொடியாக உதிர்ந்தது. மீதி இரண்டு ஜோடி பார்க்க முழுசாகத்தான் இருந்தன, ஆனால் போட்டவர்கள் அவற்றைக் கழற்றி வைத்துவிட்டு ரப்பர் செருப்புக்கே திரும்பிவிட்டார்கள். ஒருவருக்கு விரலிடுக்கில் சேற்றுப்புண் வந்து வாரக்கணக்கில் வேலைக்கு வர முடியவில்லை. இன்னொருவருக்கு இரண்டு பெருவிரல் நகமும் கறுத்து விழுந்தன.

வாங்கியதில் கஞ்சத்தனம் காட்டியிருந்தார்கள் என்று சொல்ல முடியாது. மூன்று ஜோடி ஐஎஸ்ஐ முத்திரை உள்ள, எஃகு முன்கவசம் வைத்த பாதுகாப்பு ஷூ. இரண்டு ஜோடி, தண்ணீர் புகாது என்று அட்டையில் எழுதிய மலையேற்ற பூட்ஸ். இரண்டுமே அதனதன் வேலைக்கு நல்ல பொருள்தான்.

பழையது ஏன் போனது, வடகிழக்குப் பருவம் தொடங்கும் முன் என்ன வாங்கலாம் என்று தோட்ட மேலாளர் கேட்டார். நான் ரப்பர் கலவை ஆலையில் வேலை பார்த்தவன். பூட்ஸின் அடி எதனால் ஆனது, எதனால் பிரியும் என்பது என் தொழிலைச் சேர்ந்த விஷயம். ஒப்புக்கொண்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. இந்த மலையில் ரப்பர் பால் வெட்டுகிறவர்களும் காவல் சுற்றுகிறவர்களும் கால்களை நம்பித்தான் பிழைக்கிறார்கள். அந்தக் காலுக்கு வாங்கும் பொருளைப் பற்றி அவர்களிடம் யாரும் கேட்பதில்லை. கடைக்காரரிடம் கேட்கிறோம், விலைப்பட்டியலைப் பார்க்கிறோம், ஏழாம் நம்பர் இத்தனை, எட்டாம் நம்பர் இத்தனை என்று எழுதிக் கொடுத்துவிடுகிறோம்.

கரடுமுரடான காட்டுக்கு பூட்ஸ் தேடினால் முதலில் கண்ணில் படுவது வெளிநாட்டு வேட்டை பூட்ஸ்தான். உரிமம் வாங்கி வேட்டைக்குப் போகும் நாடுகளில் அது பெரிய வியாபாரம். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். இந்த மாவட்டத்து மலைக்காட்டில் சுமார் 400 சதுர கிலோமீட்டர் கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயத்துக்குள் வருகிறது. இங்கே வேட்டைக்காரர் போல ஓசைப்படாமல், பாதையை விட்டு விலகி, மணிக்கணக்கில் நடக்க வேண்டியவர்கள் வேட்டையைத் தடுக்கிறவர்கள். வனத்துறையின் வேட்டைத் தடுப்புக் காவலர்கள் காட்டுக்குள் செய்யும் வேலையின் சிறு பங்கை இந்தத் தோட்டத்து ஐந்து பேரும் வேலிக்கு இந்தப் பக்கம் செய்கிறார்கள். மிளா மானுக்கும் காட்டுப்பன்றிக்கும் யாராவது சுருக்குக் கம்பி கட்டியிருக்கிறார்களா என்று புதர் புதராகப் பார்க்க வேண்டும். யானை எந்தப் பக்கம் இறங்கியிருக்கிறது என்று விடியும் முன் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குச் சொல்ல வேண்டும்.

வேட்டை பூட்ஸிலிருந்து எடுத்துக்கொள்ள நல்ல பாடங்கள் உண்டு. கணுக்காலைப் பிடித்து நிறுத்தும் உயரம், ஓசை எழுப்பாத அடி, குதிகால் நகராத பிடிப்பு, இவையெல்லாம் இங்கேயும் வேண்டும். ஆனால் அவற்றில் பல பனிக்காகச் செய்தவை. உள்ளே 400 கிராம், 800 கிராம் என்று கணக்குச் சொல்லிக் கதகதப்புக்குப் பஞ்சு வைத்திருப்பார்கள். பக்கத்துக் காளிகேசத்துக் காட்டின் ஈர வெக்கையில் அதைப் போட்டால் ஒரு மணி நேரத்தில் கால் வெந்துவிடும்.

தரை

நம் மாவட்டத்துக்கு இரண்டு மழையும் உண்டு. ஜூனில் தென்மேற்கு வந்தால் செப்டம்பர் வரை. ஒரு மூச்சு விட்டு அக்டோபரில் வடகிழக்கு வந்தால் டிசம்பர் வரை. மலையடிவாரத்தில் இந்த இரண்டுக்கும் நடுவே பூட்ஸ் முழுசாகக் காய்ந்து ஓய்வெடுக்கும் காலம் என்று ஒன்று இருப்பதில்லை. வருஷத்தில் ஏறக்குறைய ஏழு மாதம் தோலும் நூலும் பசையும் ஈரத்திலேயே கிடக்கின்றன. வேறு ஊரில் மூன்று வருஷம் உழைத்த பூட்ஸ் இங்கே ஒரே மழையில் கைவிடுவதற்கு முதல் காரணம் இதுதான்.

காவல் சுற்றும் வழி லயத்திலிருந்து தொடங்குகிறது. முதலில் ரப்பர் வரிசை. சரிவை வெட்டிப் படிபடியாகத் தட்டு எடுத்திருப்பார்கள், அதில் சருகு மெத்தை போலக் கிடக்கும். அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. இளங்கன்று வைத்த இடத்தில் மண்ணை மூடிப் படரும் கொடிப்பயிர், அதற்கடுத்துக் கைதச்சக்கை என்கிற அன்னாசி வரிசை. அந்த இலையின் முள் விளிம்பு துணியைக் கீறும், கணுக்காலையும் கீறும். அப்புறம் செம்மண் சரிவு. காய்ந்திருந்தால் நல்ல பிடி, நனைந்தால் அடியில் அப்பிக்கொண்டு ஒவ்வொரு காலும் அரைக் கிலோ கூடும். பிறகு ஓடை. சப்பாத்து என்கிற தரைப்பாலம் வழியாகக் கடக்கும் இடம் ஒன்று, பாறை மேல் கால் வைத்துத் தாண்டும் இடங்கள் பல. பாறையில் பச்சைப் பாசி. ஓடைக்கு அப்பால் கிராம்புச் சரிவு, அதற்கு மேலே எல்லை. இறங்கி வரும்போது பாரம் முழுவதும் விரல் நுனிக்குப் போகும்.

சருகு, முள், சேறு, தண்ணீர், பாசிப்பாறை, செங்குத்து இறக்கம் என்று ஒரே நடையில் எல்லாமே வந்துவிடுகின்றன. ஓடையில் முழங்கால் வரை இறங்க வேண்டியிருப்பதால் கால் நனைவது உறுதி. அதனால் நான் தொடக்கத்திலேயே மேலாளரிடம் சொன்னது இதுதான். தண்ணீர் புகாத பூட்ஸைத் தேடுவதை விட்டுவிட வேண்டும். புகுந்த தண்ணீர் எவ்வளவு சீக்கிரம் வெளியே போகும், ராத்திரிக்குள் எவ்வளவு காயும், ஈரத்திலேயே கிடந்தாலும் அடி விடாமல் இருக்குமா என்று பார்த்து வாங்க வேண்டும்.

பிரித்துப் பார்த்தபோது

ஐந்து ஜோடியையும் கத்தி வைத்து அறுத்துப் பார்த்தேன். இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பயன்பட்டது இந்த வேலைதான்.

பொடியாக உதிர்ந்த ஜோடியின் அடி பியூ என்று சொல்லும் பாலியூரித்தேன் நுரை. எடை குறைவு, நடக்க மெத்தென்று இருக்கும், தொழிற்சாலைத் தளத்தில் நன்றாக உழைக்கும். ஆனால் அதில் ஒரு வகைக்கு ஈரம் எமன். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி, உள்ளே இருக்கும் மூலக்கூற்றுச் சங்கிலிகள் ஒவ்வொன்றாக அறுந்துகொண்டே வரும். போடாமல் அலமாரியில் வைத்தாலும் இது நடக்கும். வெளியே பார்த்தால் புதுசு மாதிரியே இருக்கும், ஒரு நாள் நாலு அடி நடந்ததும் ரொட்டித் துண்டாக உதிரும். ஷூ நாக்கின் உள்பக்கம் தயாரித்த மாதமும் ஆண்டும் அச்சிட்டிருந்தது. வாங்கும்போதே அது ஐந்து வருஷப் பழைய சரக்கு. தள்ளுபடியில் கிடைத்ததற்கு அர்த்தம் அப்போதுதான் தெரிந்தது. அந்தத் தேதியைப் பார்க்க ஒரு நிமிஷம் போதும், அதைப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் யாரும் சொல்லித் தரவில்லை.

அடி கழன்ற இரண்டு ஜோடி வேறு கதை. ஒன்றில் பசை போட்டு ஒட்டிய ரப்பர் அடி. ரப்பர் நன்றாக இருந்தது, தோலும் நன்றாக இருந்தது, நடுவில் பசைப்படலம் மட்டும் வெள்ளையாகப் பிரிந்து நின்றது. ஈரம் ஒரு காரணம். இன்னொரு காரணம் விசாரித்தபோது வெளியே வந்தது. ராத்திரி நனைந்த பூட்ஸைக் காலையில் போட முடியாதே என்று, ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைப்புரையில் தொங்கவிட்டிருக்கிறார்கள். புகைப்புரைக்குள் வெப்பம் 50, 60 டிகிரி வரை போகும். ஷீட்டுக்கு அது சரி. பூட்ஸ் பசை அந்தச் சூட்டில் இளகும், தோல் சுருங்கி வெடிக்கும். பகல் முழுக்க ஊறல், ராத்திரி முழுக்கச் சூடு. இப்படி மாறி மாறி இழுத்தால் எந்தப் பசையும் தாங்காது. அவர்களைக் குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை. ஒரே ஒரு ஜோடி கொடுத்தால், காலையில் காய்ந்திருக்க அவர்கள் வேறு என்னதான் செய்வார்கள்?

மற்ற ஜோடியில் அடி கழன்றதற்கு மூலம் உள்ளே இருந்தது. கால் வைக்கும் தளத்துக்குக் கீழே விறைப்புக்காக வைக்கும் அட்டை கூழாகிவிட்டிருந்தது. அது போனதும் அடியைப் பிடித்து வைக்க எதுவும் இல்லை. வெளியே தோல் எவ்வளவு தடிமன் என்று கடையில் விரலால் கிள்ளிப் பார்க்கிறோம். பூட்ஸ் சாகும் இடம் பெரும்பாலும் அங்கே இல்லை. மேல் பாகமும் அடியும் சேரும் கோட்டிலும், கண்ணுக்குத் தெரியாத அந்த நடு அட்டையிலும்தான் அது முதலில் சாகிறது.

முழுசாக இருந்தும் ஒதுக்கப்பட்ட இரண்டு ஜோடியும் தண்ணீர் புகாத சவ்வு வைத்த மலையேற்ற பூட்ஸ். வியர்வை ஆவியை வெளியே விட்டு மழைத்தண்ணீரை உள்ளே விடாது என்பதுதான் அந்தச் சவ்வின் பெருமை. குளிர்ந்த, உலர்ந்த காற்றில் அது உண்மையிலேயே வேலை செய்யும். உள்ளேயும் வெளியேயும் ஒரே ஈரப்பதம் என்றால் ஆவி வெளியே போக உந்துதல் இல்லை. ஓடையில் மேல்வழியாகத் தண்ணீர் இறங்கிவிட்டால், மழைத்தண்ணீரை உள்ளே விடாத அதே சவ்வு இதை வெளியே விடாமல் தேக்கி வைக்கும். சேற்றுப்புண் வந்தவர் போட்டிருந்தது இதைத்தான். நாள் முழுவதும் ஊறி வெளுத்து வெடித்த தோல் எலிக்காய்ச்சல் கிருமிக்கும் வாசல் என்பதால் இதை வெறும் அசௌகரியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

நகம் விழுந்தவர் போட்டிருந்தது எஃகு முன்கவசம் உள்ள ஷூ. பாதுகாப்புக் காலணிக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 15298இன் இரண்டாம் பகுதிப்படி அந்தக் கவசம் 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும். மேலிருந்து இரும்பு விழும் இடத்தில் அது விரலைக் காப்பாற்றும். இங்கே மேலிருந்து எதுவும் விழுவதில்லை. இறக்கத்தில் விரல்தான் முன்னே போய் எஃகின் மீது மோதுகிறது, ஒவ்வொரு அடிக்கும். போதாததற்கு எடை வேறு. காலில் ஏற்றும் எடை, முதுகில் ஏற்றும் அதே எடையைப் போல நாலு முதல் ஆறு மடங்கு உழைப்பைக் கேட்கும் என்று ராணுவ நடை பற்றிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

கால் அளவு

குழுவில் மூத்தவர் காணி பழங்குடியினரின் குடியிருப்பைச் சேர்ந்தவர், அறுபதை நெருங்குகிறவர். பூட்ஸ் போடவே மாட்டேன் என்றவர். ஏன் மாமா என்று கேட்டேன்.

“மக்களே, இதுக்குள்ள காலு இருக்கா இல்லியாண்ணே தெரியல்ல. பாறையில வச்சா வழுக்குமா நிக்குமாண்ணு காலுக்குத் தெரியாண்டாமா?”

பிடிவாதம் என்று எல்லாரும் விட்டிருந்த பேச்சு இது. அவர் காலைக் காகிதத்தில் வைத்து வரைந்து பார்த்தபோது காரணம் தெரிந்தது. சின்ன வயதிலிருந்து வெறுங்காலோடு நடந்த கால். நீளம் ஏழாம் நம்பர், விரல்கள் விரிந்த முன்பகுதி அகலத்துக்கு ஒன்பதாம் நம்பர்கூடப் பற்றாது. ஏழு கொடுத்தால் சுண்டுவிரல் நசுங்கும். ஒன்பது கொடுத்தால் குதிகால் உள்ளே ஆடும், இறக்கத்தில் கால் முழுக்க முன்னே சறுக்கும். அவர் சொன்னது முழுக்கச் சரி. அந்த பூட்ஸுக்குள் அவர் கால் எங்கே இருக்கிறது என்று காலுக்கே தெரிந்திருக்காது.

மற்ற நாலு பேரையும் அளந்தோம். சாயங்காலம்தான் அளந்தோம், ஏனென்றால் நடந்து முடித்த கால் வீங்கி இருக்கும், காலையில் பொருந்தும் ஷூ மதியத்துக்கு மேல் கடிக்கும். இரண்டு காலையும் தனித்தனியாக வரைந்து, பெரிய காலை அளவாக எடுத்துக்கொண்டோம். எல்லாரையும் எழுந்து நிற்க வைத்து வரைந்தோம், உட்கார்ந்தபடி அளந்தால் பாரம் இறங்காது. மூன்று பேருக்கு அதுவரை கொடுத்திருந்த நம்பரே தப்பு.

போட்டுப் பார்க்கும்போது மழைக்குப் போடும் அதே காலுறையோடு போட வேண்டும். கயிறு கட்டாமல் காலை முன்னே தள்ளினால் குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். கயிறு கட்டிய பிறகு ஒரு சரிவில், இல்லாவிட்டால் மாடிப்படியில், இறங்கிப் பார்க்க வேண்டும். இறங்கும்போது பெருவிரல் முன்னே தொட்டால் அந்த ஜோடி வேண்டாம். ஏறும்போது குதிகால் தூக்கினால் அதுவும் வேண்டாம். போகப் போகப் பழகிவிடும் என்று கடையில் சொல்வதைத் தோலின் விறைப்புக்கு மட்டும் ஏற்றுக்கொள்ளலாம். நீளமும் அகலமும் பழகுவதில்லை.

கணுக்காலுக்குச் சற்றுக் கீழே கயிற்றை இரண்டு முறை சுற்றி முடிச்சிட்டு, அதற்கு மேலே தனியாக இறுக்கிக் கட்டினால் குதிகால் பின்னுக்கே நிற்கும், முன்பாதம் தளர்வாக இருக்கும். நகம் போனவருக்கு இதை மட்டும் சொல்லிக் கொடுத்தோம், அதிலேயே பாதி வலி குறைந்துவிட்டது என்றார்.

போட்டு நடந்தவை

ஒவ்வொரு வகையிலும் ஒரு ஜோடி வாங்கி, ஒரே வழியில், ஆள் மாற்றி ஆள் நடந்து பார்த்தார்கள்.

கம்பூட்ஸ் எல்லாருக்கும் தெரிந்தது. முழங்கால் வரை மூடும், முள் ஏறாது, ரத்தம் குடிக்கும் அட்டை ஏறினாலும் கண்ணில் பட்டுவிடும், கழுவித் தலைகீழாக வைத்தால் காய்ந்துவிடும். பாம்பு விஷயத்தில் இதற்கு இணை இல்லை. விடியும் முன் நெற்றி விளக்கு வெளிச்சத்தில் பால் வெட்டப் போகிறவர்கள் சருகுக்குள் கால் வைக்கிறார்கள், கடி பெரும்பாலும் பாதத்திலும் கணுக்காலிலும்தான் விழுகிறது. நம் நாட்டில் கிடைக்கும் கூட்டு விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்ற நாலு பாம்புக்கானது. இந்த மலைச் சருகில் மூக்கு மேல்நோக்கி எழும்பிய சின்னக் குழிவிரியன் ஒன்று உண்டு. அதன் விஷம் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது, அந்த மருந்து அதற்குக் கேட்காது. கடித்தால் உடனே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், அதில் யோசனையே கூடாது. கடி விழாமல் பார்த்துக்கொள்வது மருந்தைவிடப் பெரிய விஷயம் என்று இதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

ஆனால் எல்லை சுற்றுகிறவர்களுக்குக் கம்பூட்ஸ் ஆகவில்லை. கணுக்காலை எதுவும் பிடிப்பதில்லை. நடந்தால் ஆடுதசையில் அடித்துச் சத்தம் எழுப்பும், யானை இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்க வேண்டிய இடத்தில் அது ஆபத்து. ஓடையில் மேலே தண்ணீர் ஏறினால் ஒவ்வொரு காலிலும் ஒரு வாளியைச் சுமப்பதுதான். கம்பூட்ஸ் என்றால் எல்லாம் ஒன்று என்று நினைக்கவும் கூடாது. கடையில் மலிவாகக் கிடைப்பது பிவிசி பிளாஸ்டிக். பாசிப்பாறையில் அது கண்ணாடியில் கண்ணாடி வைத்தமாதிரி சறுக்கியது, பழசாகப் பழசாக இன்னும் விறைக்கும். இயற்கை ரப்பரில் செய்தது விலை கூடுதல், பிடி நன்றாக இருந்தது.

அடி ரப்பரைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல ஆசைப்படுகிறேன். 1935இல் இத்தாலிய ஆல்ப்ஸில் மலையேறப் போன ஆறு பேர், பாறைக்கென்று போட்டிருந்த மெல்லிய காலணியோடு பனிப்புயலில் மாட்டி இறந்தார்கள். அவர்களின் நண்பர் விட்டாலே பிரமானி, பாறைக்கும் பனிக்கும் சேற்றுக்கும் ஒரே அடி வேண்டும் என்று ரப்பரில் ஆழமான கட்டைகள் வார்த்த அடியை 1937இல் கொண்டுவந்தார். இன்று எல்லா மலை பூட்ஸும் போடும் அடி அதன் வழிவந்ததுதான். நம் செம்மண்ணுக்கு அந்தக் கட்டைகள் ஆழமாக இருந்தால் போதாது, இடைவெளியும் வேண்டும். நெருக்கமாக இருந்தால் சேறு அடைத்து அடி மொழுமொழுவென்று ஆகிவிடும். ரப்பர் எவ்வளவு கெட்டி என்பதும் முக்கியம். கெட்டி ரப்பர் அதிக நாள் தேயாது, ஆனால் ஈரப்பாறையில் நிற்காது. மெது ரப்பர் நிற்கும், சீக்கிரம் தேயும். அடியின் ஓரத்தைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் லேசாகப் பதிந்து மீள வேண்டும். பதியவே இல்லை என்றால் ஓடைக்கு அது வேண்டாம். தேய்மானத்தைவிட வழுக்காமல் நிற்பதையே நான் தேர்வு செய்வேன், இடுப்பெலும்பு உடைந்தால் பூட்ஸ் நீடித்து என்ன பயன்?

கடைசியில் குழு விரும்பியது கேன்வாஸ் ஜங்கிள் பூட்ஸ். ராணுவத்துக்கும் காவல் படைகளுக்கும் தைக்கும் மாதிரி, கணுக்காலுக்கு மேலே வரும் தடித்த துணி, கீழே ரப்பர். இதில் நல்லதைப் பொறுக்கி எடுக்க ஒரு வழி இருக்கிறது. அடி பசையால் ஒட்டியதா, துணியோடு சேர்த்தே வல்கனைஸ் செய்ததா என்று கேட்க வேண்டும். வல்கனைஸ் செய்ததில் பச்சை ரப்பரும் துணியும் சேர்ந்தே சூட்டில் வெந்து ஒன்றாகின்றன. ஈரம் புகுந்து பிரிக்க நடுவே தனியாக ஒரு பசைக்கோடு இல்லை. அடியையும் துணியையும் சேர்க்கும் ரப்பர் பட்டையை வளைத்துப் பார்த்தால் ஓரத்தில் வாய் திறக்கக் கூடாது. உட்பக்கப் பாதவளைவில் தண்ணீர் வடிய இரண்டு துளை இருக்க வேண்டும். அமெரிக்கப் படை வியட்நாமில் போட்ட பூட்ஸில் இருந்த ஏற்பாடு அது, ஓடையைத் தாண்டி நடக்கத் தொடங்கியதும் ஒவ்வொரு அடியிலும் தண்ணீர் பீச்சி வெளியேறிவிடுகிறது. உள்ளே இருக்கும் தளம் கழற்றி எடுக்கக்கூடியதாக இருந்தால் ராத்திரியில் தனியாகக் காயும்.

முழுத்தோல் பூட்ஸும் ஒரு ஜோடி நடந்தது. நனைந்த பிறகு காய மூன்று நாள் எடுத்தது, அதற்குள் பூசணம் பிடித்தது. கோடையில் மட்டும் என்றால் நான் தோலைத்தான் சொல்வேன்.

மலேசிய ரப்பர் தோட்டங்களில் ஒரே வார்ப்பாக வரும் கறுப்பு ரப்பர் ஷூ ஒன்று உண்டு, அடியில் சின்னச் சின்ன முனைகளோடு. அங்கே தோட்ட வேலைக்காரர்களும் காட்டில் ஓடுகிறவர்களும் அதையே போடுகிறார்கள். தையலும் இல்லை, பசையும் இல்லை, துடைத்தால் காய்ந்துவிடும். ரப்பர் விளையும் நம் மாவட்டத்தில், நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஒரு சிறு ஆலை அதை அகல அச்சில் வார்த்தால் எத்தனை காலுக்கு உதவும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. இங்கே கடைகளில் தேடிய வரையில் கிடைக்கவில்லை.

வாங்கியது

பால் வெட்டுகிறவர்களுக்கு இயற்கை ரப்பர் கம்பூட்ஸ். பாலை உறையவைக்கும் ஃபார்மிக் ஆசிட் தெறிக்கும் ஷீட் கொட்டகைக்கு பிவிசி கம்பூட்ஸ் போதும், அங்கே தளம் சமதளம். ஏணி வைத்துக் கிராம்பு பறிக்கிறவர்களுக்குத் தனியாக எதுவும் வாங்கவில்லை, ஏணிக் கம்பில் கால் பதிய மெல்லிய அடிதான் நல்லது என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். காவல் குழுவுக்கு ஆளுக்கு இரண்டு ஜோடி கேன்வாஸ்.

இந்த இரண்டு ஜோடிக்குத்தான் மேலாளரோடு அதிகம் வாதாட வேண்டியிருந்தது. மலையேற்ற பூட்ஸ் ஒன்றின் விலைக்கு இரண்டு ஜோடி கேன்வாஸ் வாங்கி மிச்சமும் இருக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒன்று நடக்கும்போது மற்றது காயும், புகைப்புரைக்குப் போக அவசியம் வராது. காயவைக்கப் பழைய செய்தித்தாளை உள்ளே திணித்து, சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு முறை மாற்றி, காற்றோட்டமான திண்ணையில் வைத்தால் போதும்.

பருத்திக் காலுறையை நிறுத்தினோம். நனைந்த பருத்தி காயாது, மடிந்து தேய்த்துக் கொப்புளம் போடும். கம்பளி கலந்ததோ செயற்கை இழையோ நனைந்தாலும் உருக்குலையாது. மதியச் சாப்பாட்டின்போது காலைக் காற்றாட விட்டு, விரலிடுக்கைத் துடைத்து, உலர்ந்த காலுறைக்கு மாறுவது வேலையின் பகுதி என்று எழுதிவைத்தோம். அட்டைக் கடிக்கு, நெருக்கமாக நெய்த துணியில் முழங்கால் வரை வரும் உறை, தடிக்காரன்கோணத்தில் ஒரு தையற்காரர் தைத்துக் கொடுத்தார். காலுறைக்கு மேல், பூட்ஸுக்கு உள்ளே போடுவது. அட்டை ஏறாமல் இருக்கத் தடவும் உப்பும் புகையிலைத் தண்ணீரும் மழையில் கரைந்து போகும், துணி கரையாது.

மூத்தவருக்கு அவர் அகலத்தில் ஜோடி கிடைக்கவில்லை. கோட்டாறில் செருப்புத் தைக்கும் அண்ணன் ஒருவர் எட்டாம் நம்பர் கேன்வாஸின் இரண்டு பக்கமும் பிரித்து, அதே துணியில் பட்டை வைத்து, நைலான் நூலில் தைத்துக் கொடுத்தார்.

வடகிழக்குப் பருவத்துக்குப் பிறகு

டிசம்பர் முடிவில் எல்லாவற்றையும் மறுபடி பார்த்தோம். ஒரு ஜோடிக்கும் அடி விடவில்லை. சேற்றுப்புண் வரவில்லை, நகமும் யாருக்கும் போகவில்லை.

குறைகளும் உண்டு. விரல் மடங்கும் இடத்தில், சுண்டுவிரல் பக்கம், மூன்று ஜோடிக்குத் துணி கிழியத் தொடங்கியிருந்தது. டியூப் ரப்பரில் ஒட்டுப் போட்டிருக்கிறோம், அடுத்ததில் அந்த இடத்தில் ஆரம்பத்திலேயே ரப்பர் மூடல் உள்ள மாதிரியைத் தேட வேண்டும். வடிகால் துளையில் செம்மண் அடைக்கிறது, ஈர்க்கிலால் குத்தி விட வேண்டியிருக்கிறது. கயிற்று வளையம் துருப்பிடித்து ஒரு ஜோடியில் கயிற்றையே அறுத்துவிட்டது. காவல் கொட்டகைக்கு அரிசியும் தகரமும் சுமந்து ஏறிய நாட்களில் உள்ளங்கால் வலித்தது என்று இரண்டு பேர் சொன்னார்கள். சுமைக்கு இந்த பூட்ஸின் அடி மெல்லியதுதான். சுமை ஏற்றும் நாளுக்கு நடுவில் விறைப்பான தகடு வைத்த ஒரு ஜோடி பொதுவாக வைத்துக்கொள்ளலாம் என்று பேசியிருக்கிறோம்.

பாம்புக்குத்தான் இன்னும் வழி சரியாக அமையவில்லை. கேன்வாஸ் விரியனின் பல்லை நிறுத்தாது. முழங்காலுக்குக் கீழே கட்டும் தடித்த கவசம் ஒன்றை இரண்டு பேர் போட்டு நடந்தார்கள். ஏற்றத்தில் சூடு, ஓடையில் கனம், பாதி வழியில் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்கள். சருகு அதிகம் உள்ள கீழ்த்தட்டுகளை இருட்டில் கடக்கும்போது மட்டும் கம்பூட்ஸ் போட்டு, ஓடைக்கரையில் கேன்வாஸுக்கு மாறிப் பார்க்கலாம் என்பது இப்போதைய ஏற்பாடு. மாற்ற வேண்டிய பூட்ஸை வைக்க ஓடைக்கரையில் பூட்டுப் போட்ட பெட்டி ஒன்று வைத்திருக்கிறார்கள், மழை உள்ளே போகாமல் தகரக் கூரையோடு.

மூத்தவர் தைத்து வாங்கிய ஜோடியைப் போடுகிறார். பாசிப்பாறை வந்தால் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டு வெறுங்காலோடு தாண்டுகிறார், யாரும் தடுப்பதில்லை. அடுத்த ஜூனுக்கான பூட்ஸை ஏப்ரலிலேயே வாங்குவதாக மேலாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார். நம்பர் எழுதிக் கொடுத்து வாங்காமல், ஐந்து பேரையும் சாயங்கால நேரத்தில் கடைக்கே அழைத்துப்போய், தயாரித்த தேதியைப் பார்த்து, படியில் இறங்கிப் பார்த்து எடுப்பதாக ஏற்பாடு. கோட்டாறு அண்ணனிடம் இன்னும் இரண்டு பேர் தங்கள் ஜோடிக்கும் பக்கப்பட்டை வைக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.